போன நேரம் எழுதாதவர்கள்

கிளார்க் வரதன் நாரைத்திட்டில் வந்து இறங்கியபோது சனிக்கிழமை காலை பதினோரு மணி. பழவேற்காட்டிலிருந்து ஹயாத் பாஷாவின் பாய்மரப் படகில் இரண்டு மணி நேரம் ஆடி ஆடி வந்ததில் மனிதருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் கால் வைத்தார். கரையில் நின்ற வாட்ச்மேன் யேசுதாஸ் கும்பிட்டான். கும்பிட்டுவிட்டுத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். மார்கழிக் குளிர் என்று வரதன் நினைத்திருப்பார்.

குளிரில்லை. பயம். யேசுதாஸ் இரண்டு வருஷமாகப் பொய்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அதைச் சரிபார்க்கத்தான் மெட்ராஸ் ஆபீசிலிருந்து இந்த மனிதர் வந்திருக்கிறார்.

பணக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மணல்மேட்டில் திருடுவதற்குப் பணம் ஏது? அவன் எழுதியது ஆள் கணக்கு.

ஏரிக்கு நடுவே மூன்று ஏக்கர் மேடு, அதில் வெள்ளைக்காரன் கட்டிய பங்களா. மார்கழி, தை மாதங்களில் எதிரே உள்ள சேற்றுப் பரப்பில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வந்து இறங்கும். அதைப் பார்க்கவும் வாத்து சுடவும் ஒரு காலத்தில் துரைகளும் துரைசாணிகளும் கூடை கூடையாகச் சாப்பாட்டோடு வந்தார்கள். முப்பத்தெட்டாம் வருஷம் வந்தவர்கள் அறுநூற்று நாற்பத்து மூன்று பேர். சண்டை வந்தது, கூட்டம் பாதியானது. துரைகள் கப்பலேறினார்கள், அதிலும் பாதியானது. ஐம்பதில் தொண்ணூறு. ஐம்பத்து மூன்றில் பதினேழு. அந்தப் பதினேழிலும் நாலு பேர் காற்றில் வழிதவறி ஒதுங்கிய மீன்காரர்கள். பறவைகள் என்னவோ முறைதவறாமல் வந்துகொண்டுதான் இருந்தன. பார்க்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் மெட்ராஸ் ஆபீசிலிருந்து ஒரு கடிதாசி வந்தது. வருஷத்துக்கு நூறு பேராவது வராத பங்களாக்களைப் பூட்டிவிட்டு வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம்.

வீட்டுக்கு அனுப்பலாம். வீடு வேண்டுமே! பங்களாவுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறைதான் யேசுதாஸின் வீடு. அதில் கயிற்றுக் கட்டிலில் ஞானம்மா கிடந்தாள். அப்போதே ஒன்றரை வருஷமாகக் கைகால் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. போய்க் கேட்டும் பார்த்தான். "படுத்த படுக்கையா கெடக்கறவள இங்க இட்டாந்து உட்றாதீங்க" என்று அண்ணி வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவனுக்கு அவளைவிட்டால் வேறு யாரும் இல்லை. அவளுக்கு அந்தக் கட்டிலைவிட்டால் வேறு இடம் இல்லை.

ஆகவே ஆள்களை உண்டாக்கினான்.

முதல் பொது எலெக்‌ஷனின்போது, சுற்று வட்டாரக் குப்பங்களுக்கெல்லாம் பெட்டி தூக்கிக்கொண்டு போன அதிகாரிகள் இரண்டு நாள் பங்களாவில் தங்கினார்கள். போகும்போது தடிமனான ஓட்டர் லிஸ்ட் ஒன்றை அலமாரியில் மறந்துவிட்டுப் போனார்கள். அதில் சில பேர்களின் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது. லிஸ்ட் அச்சாகி ஓட்டுப் போடுவதற்குள் வாந்திபேதியிலும் புயலிலும் செத்துப்போனவர்கள் அவர்கள். இருநூறு பேருக்கு மேல்.

யேசுதாஸ் அந்தச் சிவப்புக் கோடு போட்ட பேர்களாகப் பார்த்துத்தான் பொறுக்கினான். அதில் அவனுக்குப் பெருமைகூட இருந்தது. உயிரோடு இருப்பவன் பேரை எழுதினால் நாளைக்கே ஆபீசில் ஒருவன் போய், "நான் அந்தப் பக்கமே போனதில்லையே" என்று சொல்லிவைப்பான். செத்தவன் எங்கே வந்து சொல்லப்போகிறான்? சாயங்காலங்களில் கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொரு பேராக வாய்விட்டுச் சொல்லி, வருகிறவர்களைப் பதியும் பங்களா நோட்டில் எழுதினான். ஊர் என்ற இடத்தில் மெட்ராஸ் என்று போட்டான். வந்த நேரம் என்ற இடத்தில் மூணு மணி, நாலு மணி என்று மாற்றி மாற்றிப் போட்டான். கடைசிக் கட்டம் 'போன நேரம்'. மாதாமாதம் ஆபீசுக்கு அனுப்பும் தாளில் வந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்டார்கள். போனவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் அந்தக் கட்டத்தை அவன் தொடவில்லை.

ஐம்பத்து நான்கில் நூற்று நான்கு பேர். ஐம்பத்தைந்தில் இதுவரை நூற்று இருபது. இரண்டு வருஷத்திலும் சேர்த்து உண்மையில் வந்தவர்கள் ஒன்பது பேர்.

வரதன் வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டு நோட்டை விரித்தார். யேசுதாஸ் தூணோரமாக நின்றான். 

"எறங்கிக்கினே வந்த கூட்டம் திடீர்னு ஏறுதே, அதெப்படி? வேற எங்கயும் இப்படி இல்லையே."

"பட்சி பாக்க வராங்க சார்."

வரதன் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. கேட்க வேண்டியதை அடுத்துக் கேட்கப்போகிறார் என்று யேசுதாஸுக்குத் தெரிந்தது.  அப்போது அவர் தலையைத் தூக்கி எதிரே சேற்றுப் பரப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"சரிதான்யா. நான்தான் சந்தேகப்பட்டுட்டேன். இன்னிக்கே முப்பது நாப்பது பேர் இருப்பாங்க போலிருக்கே."

யேசுதாஸ் திரும்பிப் பார்த்தான்.

பறவைகள் நின்றன. சேறு பளபளத்தது. வேறு ஒன்றும் இல்லை.

"பொம்பளைங்களும் வந்திருக்காங்க. இந்த வெயில்ல ஏன் எல்லாரும் அசையாம நிக்கிறாங்க? பட்சி பறந்துடும்னா?"

"ஆமா சார்" என்றான் யேசுதாஸ். 

வரதன் திருப்தியாக ரிப்போர்ட் எழுதினார். மீன் குழம்போடு சாப்பிட்டார். மூன்று மணிக்குப் படகேறும்போது நோட்டைப் புரட்டிக் காட்டி ஒன்று சொன்னார். "இந்தப் போன நேரம்கிற கட்டம் ரெண்டு வருஷமா காலியா கிடக்கு. நோட்டு மெட்ராஸுக்கு வரணும். புதன்கிழமை படகுல அனுப்பிடு. அதுக்குள்ள நிரப்பி வை. வந்தவன் போயிருக்கணும்ல?"

ஹயாத் பாஷா கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார். பாஷாவுக்கு ஐம்பது வயது. இந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர், வாரத்துக்கு இரண்டு முறை திட்டுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுவருகிறவர். யேசுதாஸ் படகோரமாக நடந்துகொண்டே மெதுவாகக் கேட்டான்.

"பாய், அங்க சேத்துல யார்னா நின்னாங்களா?"

பாஷா சேற்றுப் பக்கம் பார்க்கவில்லை. கழியைப் பார்த்தார்.

"நான் அந்தாண்ட பாக்கறதில்ல நைனா. ரெண்டு மாசமா பாக்கறதில்ல. பேஜாரு."

படகு போய்விட்டது. அடுத்த படகு புதன்கிழமைதான்.

யேசுதாஸ் சேற்றுப் பரப்புக்கு நடந்தான். நடக்க மனமில்லை, நடந்தான். ஈரச் சேற்றில் கால் தடங்கள் இருந்தன. வெறுங்கால்கள். பெரிசும் சிறிசுமாக நூற்றுக்கணக்கில். எல்லாம் தண்ணீரிலிருந்து ஏறிப் பங்களாவைப் பார்த்து வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்னால் நின்ற பூநாரைகள் இரண்டு பக்கமும் விலகின. யாரோ நடுவில் நடந்து வர, வழிவிடுவது மாதிரி விலகின. நாற்றம் அடித்தது. பல நாள் தண்ணீரில் ஊறிய துணியின் நாற்றம்.

ஓடினான்.

அறைக்குள் ஞானம்மா விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். அவள் கட்டில் சன்னலோரம். மூச்சு வாங்க வந்து நின்ற புருஷனைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்துட்டியா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமா வராங்க. மத்தியானத்துல நீ அந்தாண்ட போனியானா சன்னலாண்ட வந்து நிப்பாங்க."

"ஏன் மே சொல்லல?"

"சொன்னா நீ பயந்துகினு வேலய உட்டுடுவ. அப்பால என்னை எங்க தூக்கினு போவ?"

அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றரை வருஷமாக அசையாமல் கிடப்பவள், செத்தவர்களை இரண்டு மாதம் தனியாக எதிர்கொண்டிருக்கிறாள், அதுவும் அவனுடைய வேலைக்காக. அவனுக்கு அழுகை வந்தது.

"இன்னா கேக்கறாங்க?" என்று முணுமுணுத்தான்.

"ஒண்ணும் கேக்கறதில்ல. முன்னால நிக்கற பெரியவரு மட்டும் கேப்பாரு. நாங்க போலாமான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் யாரு சொல்றதுக்கு? எங்க ஊட்டுக்காரருதான் எழுதணும்னு சொல்லி வெச்சிகீறேன்."

யேசுதாஸுக்குச் சட்டென்று விளங்கியது. வரவழைத்தவன் அவன். வந்தவர்களைப் போக விடாமல் நிறுத்தி வைத்திருப்பவனும் அவன்தான். காலியாகக் கிடக்கும் அந்தக் கட்டம்தான் அவர்களைச் சேற்றில் பிடித்து வைத்திருக்கிறது.

பங்களாவின் பின்பக்க வராந்தாவில் பலகை கிறீச்சிட்டது.

பிறகு இன்னொரு பலகை.

பிறகு எல்லாப் பலகைகளும்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வராந்தா முழுசாகத் தெரிந்தது. ஆளில்லை. பலகைகளின் மேல் ஈரம் மட்டும் திட்டுத் திட்டாகப் படர்ந்து நெருங்கிக்கொண்டிருந்தது.

"எழுதுய்யா" என்றாள் ஞானம்மா.

கக்கத்திலிருந்த நோட்டைத் தரையில் விரித்து மண்டியிட்டு உட்கார்ந்தான். ஜனவரி ஐம்பத்து நான்கிலிருந்து தொடங்கினான். முதல் பேருக்கு நேரே 'மாலை 5.30' என்று எழுதினான். அடுத்ததற்கும் எழுதினான். அவசரத்தில் மை சிந்தியது. இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் எழுதி முடிக்க இருட்டிவிடும் என்று தோன்றியதும், ஆபீசில் எல்லோரும் செய்கிறதைச் செய்தான். பக்கத்தின் முதல் வரியில் மட்டும் நேரத்தை எழுதிவிட்டு, கீழே வரி வரியாக டிட்டோ குறிகளைப் போட்டுக்கொண்டு போனான். பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம். பேர்களை அவன் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

மூன்றாவது பக்கத்தில் பலகைச் சத்தம் நின்றது. ஐந்தாவது பக்கத்தில் வெளியே பறவைகள் கலைந்து எழும் ஓசை கேட்டது. முதலில் வீட்டுக்குப் பக்கத்தில், பிறகு தள்ளி, பிறகு தண்ணீர் ஓரமாக. போகிறார்கள். யேசுதாஸ் வாய்விட்டு அழுதுகொண்டே டிட்டோ போட்டான். கடைசிப் பக்கத்தின் அடிவரி வரை போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தான்.

நாற்றம் போய்விட்டது. ஏரிக் காற்று உள்ளே வந்தது. தை மாதத்துக் காற்று போல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"போய்ட்டாங்க ஞானம்" என்றான். சிரித்துக்கொண்டே திரும்பினான்.

கட்டில் காலியாக இருந்தது.

போர்வை மடிப்புக் கலையாமல் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு மனுஷி தானாக எழுந்து, போர்வையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அவன் அலறிக்கொண்டு வெளியே ஓடினான். சேற்றில் இப்போது தடங்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துப் போயிருந்தன. நடுவில் அவளுடையது. அந்தப் பாதத்தை அவனுக்குத் தெரியாதா? தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட பாதம். அவளைச் சுற்றி முன்னும் பின்னும் மற்றவர்கள் நடந்திருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருந்தாள். கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். தொண்டை கட்டும் வரை கூப்பிட்டான். திட்டில் படகு கிடையாது. அவனுக்கு நீச்சலும் அவ்வளவாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். திங்கட்கிழமை காலையில்தான் நோட்டைக் கையில் எடுத்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தான்.

அந்தப் பக்கத்தில் பேர்கள் இருபத்து நான்குதான். இருபத்தைந்தாவது வரியில் பேர் இல்லை, ஊர் இல்லை, வந்த நேரம் இல்லை. போன நேரம் என்ற கட்டத்தில் மட்டும் அவன் போட்ட டிட்டோ இருந்தது.

பேரில்லாமல் ஒருவர் போக வேண்டும் என்று எழுதியிருந்தான். அந்தத் திட்டில் பேர் எழுதாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் எழுதிக்கொண்டிருந்தான்.

யேசுதாஸ் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அந்த நிலையையெல்லாம் தாண்டிவிட்டான். சவர பிளேடை எடுத்து அந்த டிட்டோவைச் சுரண்டினான். தாள் நைந்து மெலியும் வரை சுரண்டினான். பிறகு பேர் என்ற இடத்தில் ஞானம்மா என்று எழுதினான். ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டான். வந்த நேரம் காலை ஆறு மணி. எழுதினால் வருகிறார்கள். இத்தனை நாளில் அவனுக்குத் தெரிந்த ஒரே உண்மை அதுதான். செத்துப் போயிருந்தாலும் பரவாயில்லை, எப்படி வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும் என்று நினைத்தான். அதை வாய்விட்டும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை நடுமத்தியானத்தில் கட்டில் கயிறு முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

உள்ளே போய்ப் பார்த்தான். போர்வைக்குள் ஆள் கிடந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி, கால்களைக் குறுக்கிக்கொண்டு கிடந்தது. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

"ஞானம்" என்றான்.

 கூப்பிட்ட குரலுக்கு முதுகு அசைந்தது. அவனுக்கு அது போதுமாக இருந்தது. கஞ்சி காய்ச்சிக் கட்டிலருகே வைத்தான். ராத்திரி முழுவதும் வாசற்படியில் உட்கார்ந்து, பழைய கதைகளை, அவர்கள் கல்யாணத்தன்று கடம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலைக் கோட்டைவிட்டதை, எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட சந்தோஷம் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. கஞ்சி காலையில் அப்படியே இருந்தது. மேலே மெல்லிசாகச் சேறு படிந்திருந்தது.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு ஹயாத் பாஷாவின் பாய்மரம் தெரிந்தது. நோட்டைக் கொடுக்கக் கூடாது என்று யேசுதாஸ் முடிவுசெய்திருந்தான். மெட்ராஸில் எவனாவது அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பிவைத்தால்? வெறுங்கையோடு கரைக்குப் போனான்.

படகில் பாஷாவோடு இன்னொருவர் இருந்தார்.

ஒரு பெண். புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா நைனா, இப்பிடி பித்துப் புட்ச்ச மாதிரி நிக்கிற? பொஞ்சாதிய காணோம்னு ஒரு துணிய கட்டிக் காட்டக் கூடாதா? நாயித்துக்கெழம காலைல குப்பத்து ஆளுங்க வலை எடுக்கப் போனப்ப, இடுப்பளவு தண்ணில தனியா நின்னுகினு இருந்தாங்களாம். அவங்கதான் இட்டாந்து வெச்சி கஞ்சி ஊத்தி பாத்துக்கினாங்க. நேத்து சாயந்தரம்தான் எனக்கே சேதி வந்துச்சி" என்றார் பாஷா.

யேசுதாஸ் அந்த முக்காட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாலு நாளா ஒரு வார்த்த பேசல. அதான் ஒண்ணு. ஆனா நடக்கறாங்க நைனா. ஜம்முனு நடக்கறாங்க. எல்லாம் ஆண்டவன் செயலு."

பெண் முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள். ஞானம்மாதான். அதே நெற்றி, அதே இடது புருவத் தழும்பு. உதடு வெடித்து, வெயிலில் தோல் உரிந்திருந்தது. உயிருள்ள மனுஷிக்குத்தான் வெயிலில் தோல் உரியும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

இவள் ஞானம்மா என்றால், நேற்றிலிருந்து கட்டிலில் கிடப்பது?

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இறக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தான். முதுகுக்குப் பின்னால், அறையின் திறந்த கதவுக்குள்ளிருந்து, கட்டில் கயிறு மெல்ல முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள்.

பாஷாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் கையிலிருந்த கழி நழுவித் தண்ணீரில் விழுந்தது. சேற்றில் நின்ற பூநாரைகள் மொத்தமும் கழுத்தை நிமிர்த்தி ஒரே பக்கம் பார்த்தன.

"இன்னாய்யா" என்றது உள்ளேயிருந்து ஞானம்மாவின் குரல். நோய் விழுவதற்கு முன்பிருந்த, தெளிவான, கொஞ்சம் கொஞ்சலான குரல். "யாரு வந்துகீறாங்க?"

படகிலிருந்தவள் எழுந்து நின்றாள்.